வடபக்கத்துச் சுவர்

(மங்கலம்பேட்டையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு கோயிலுக்குப் போய் வந்ததைச் சொல்றேன்.

இரண்டாம் சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம்னு பஸ் மாறிப் புதுச்சேரி போனேன். மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம். சனங்களுக்கு அது சம்பா கோயில். சான் போல் என்கிற பிரெஞ்சுப் பெயர் நம்ம நாக்கில் சம்பா ஆயிடுச்சு.

உள்ளே சுற்றுலாக் கூட்டம். வழிகாட்டி ஒருவர், யார் யார் இடிச்சாங்கன்னு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கட்டியதை 1693இல் டச்சுக்காரர்கள் இடித்தார்கள். பிறகு வந்த கோயில் 1761இல் ஆங்கிலேயர் கையால் போனது. இப்போது நிற்பது 1791இல் முடிந்தது. எல்லாம் சரி. ஓர் இடிப்பை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

அது 1745 அக்டோபரில் நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறித்தவர் அல்ல. பிரெஞ்சுக் கம்பெனியை அண்டி வாழ்ந்த வணிகர், பின்னால் தலைமை துபாஷி. நம் மேல் பிரியப்பட்டு எழுதியவரும் இல்லை. அப்போது நின்ற கோயிலுக்குள் வடபக்கமாக ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர். மறுபக்கம் வெள்ளைக்காரர், கலப்பினத்தார், சாதிக் கிறித்தவர். சேரிகளின் தலைவர்கள் கிறித்தவச் சனங்களைக் கூட்டிக்கொண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்தான் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். சாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை. சுவர் இடிந்தது. அடுத்து என்ன? சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு அதே சாமியாரிடம் சண்டைக்குப் போனார்கள்.

அம்பேத்கர் பிறக்க 146 வருஷம் முன்னால் இது. யாரோ வந்து நமக்கு விழிப்பூட்டினார்கள் என்கிற பேச்சை இனி யார் பேசினாலும் இந்தத் தேதியைச் சொல்லுங்க.

வெளியே வந்து வெயிலைப் பார்த்து வடக்கு எதுன்னு கண்டுபிடிச்சு, திரும்ப உள்ளே போய் அந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அது அந்தக் கட்டடம் இல்லைன்னு தெரியும். இருந்தாலும் உட்காரணும்னு தோணுச்சு. உட்கார்ந்ததும் நினைவில் வந்தது எறையூர்.

எறையூர் உங்களுக்குப் புதுசில்ல, உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம்தான். அங்கே தலித் கிறித்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லி, 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இருவர் செத்தார்கள். அந்தச் சாவுக்கும் நான் வருந்துகிறேன். அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் சாதிதான்.

அப்போது என் கூட வேலை பார்த்த ஒருவர், நல்ல மனுஷர், கேட்டார்: "சமத்துவம் கேக்கறவங்க ஏன் சார் தனிக் கோயில் கேக்கறாங்க?" சட்டென்று எனக்கு வாய் வரவில்லை. சம்பா கோயில் பெஞ்சில்தான் அதற்குப் பதில் கிடைத்தது. 1745இல் சுவரை இடிக்கச் சொன்னதும், 2008இல் தனிப் பங்கு கேட்டதும் ஒரே கோரிக்கை. சுவர் கல்லில் இருந்தால் இடிக்கலாம். பாதையிலும் கல்லறையிலும் இருக்கும் சுவரை எந்தக் கடப்பாரையால் இடிக்கிறது? அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது சமத்துவமா? தனியே வைத்தவன் அவன், பிரிந்து போகிறான் என்கிற பழி நமக்கு.

இன்னொன்றும் சொல்லணும். எங்க சின்னம்மா கிறித்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவங்க. ஊர் பெயர் வேண்டாம். அவங்க செத்தப்போ, ஊரில் இருந்த தூம்பா சேரிக்கு வரலை. சக்கரம் ரிப்பேர்னு சொன்னாங்க. தோளில்தான் தூக்கிப் போனோம். மறுவாரம் பெரிய தெருவில் ஒரு சாவு. அதே தூம்பா சவ்வந்திப் பூவோடு போச்சு. நான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் உருண்டுச்சு.