எந்த எண்ணெய்க்கு எந்தத் திரி?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "திரி" என்றேன். "ஓ, கார்த்திகை தீபமா? ரொம்ப நல்ல தலைப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு இப்போதுதான் உண்மை தெரியப் போகிறது. நான் பேச வந்தது மின் சிகரெட்டுக்குள் இருக்கும் திரியைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சாதனத்தை விற்க நான் வரவில்லை. அதற்குள் ஒரு நல்ல வேதியியல் பாடம் இருக்கிறது, ஒரு வாழ்க்கைப் பாடமும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் பட்டம் வாங்கியபின் இராஜபாளையம் பக்கம் ஒரு மருத்துவப் பஞ்சு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சத்திரப்பட்டி பகுதியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். அந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது. செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தால் மெழுகு போய்விடும். அதன்பின் அதே பஞ்சு தண்ணீரில் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும், ஒரு கிராம் பஞ்சு 23 கிராம் தண்ணீராவது பிடிக்க வேண்டும். இவை மருந்தியல் நூல் சொல்லும் சோதனைகள். பஞ்சு மூழ்குவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

இனி அந்தச் சாதனம். 2003-இல் சீன மருந்தாளர் ஹோன் லிக் மின் சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரினார். பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம், கடையில் வாங்கியதை அப்படியே பயன்படுத்தாமல், தாங்களே கம்பி சுற்றித் திரி வைக்கும் அட்டமைசர்களுக்குப் போனது. அமைப்பு எளிது. ஒரு சிறு கம்பிச் சுருள். அதற்குள் ஒரு திரி. திரியின் இரு முனைகளும் திரவத்தில். திரவம் என்பது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும், கூடவே நிகோட்டினும் வாசனைப் பொருளும். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும், திரியில் ஊறிய திரவம் ஆவியாகும். நம்ம அகல் விளக்குதான், நெருப்பு மட்டும் இல்லை.

திரி எதில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலில் சிலிக்கா கயிறு வைத்தார்கள். ஆயிரம் டிகிரி சூட்டையும் தாங்கும். ஆனால் கெட்டியான திரவத்தை மெதுவாகத்தான் ஏற்றும். நுண்ணிழை உடைந்து மூச்சோடு போகுமோ என்ற அச்சமும் உண்டு. அடுத்து துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டி வைத்தார்கள். அதை நெருப்பில் காட்டி மேலே ஆக்சைடு படியவைக்காவிட்டால் கம்பியோடு தொட்டு மின்சாரம் குறுக்கே ஓடிவிடும். நுண்துளைப் பீங்கானும் வந்தது. நாள் உழைக்கும், ஆனால் துளை அடைத்துக்கொண்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கடைசியில் பலரும் வந்து சேர்ந்த இடம் பஞ்சு. இவற்றில் சூடு தாங்காத பொருள் அதுதான்!

சூட்டைத் தாங்காத பொருள் எப்படி ஜெயித்தது? பள்ளியில் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். காகிதக் குவளையில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் காட்டினால் தண்ணீர் கொதிக்கும், காகிதம் எரியாது. கொதிக்கும் திரவம் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. திரி ஈரமாக இருக்கும் வரை அதன் சூடு திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். காய்ந்த அடுத்த நொடி கம்பியின் சூடு முழுவதும் பஞ்சின் மேல் விழும். ஆகவே, "இது எவ்வளவு சூடு தாங்கும்?" என்பது இரண்டாவது கேள்வி. "செலவாகிற வேகத்துக்கு வரவு வருமா?" என்பதுதான் முதல் கேள்வி. குடும்பக் கணக்கும் அதுதானே!

வரவின் கணக்கை 1921-இல் வாஷ்பர்ன் என்ற விஞ்ஞானி சமன்பாடாக எழுதினார். நுண்புழையில் திரவம் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். பாகுத்தன்மை கூடினால் அதே அளவில் நேரமும் கூடும். புரோப்பிலீன் கிளைக்கால் தண்ணீரைப் போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு பாகுத்தன்மை கொண்டது. அறை வெப்பநிலையில் கிளிசரின் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! அதனால் கிளிசரின் அதிகமாக உள்ள திரவத்துக்குத் திரி குட்டையாக, தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கித் திணித்தால் துளைகள் நசுங்கி வரவு நின்றுவிடும். மிகத் தளர்த்தினால் ஒழுகும். பஞ்சு ஈரத்தில் உப்பும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இது புது ஞானமா? இல்லை. நம் அகல் விளக்கு ஏன் தட்டையாக இருக்கிறது? நல்லெண்ணெய் கெட்டி; அதிக உயரம் ஏறாது. எண்ணெய்க்கும் சுடருக்கும் இடையே அரை விரல் தூரம்தான் விட்டார்கள் நம் குயவர்கள். மண்ணெண்ணெய் நீர்த்தது, அதனால் அரிக்கேன் விளக்கில் தொட்டி அடியிலும் சுடர் மேலேயும் இருக்க முடிந்தது. மண்ணெண்ணெய் வருவதற்கு முன், 1800-இல், பிரான்சில் கார்செல் என்பவர் கெட்டி எண்ணெயை மேலே தள்ளுவதற்கென்றே கடிகாரப் பொறி வைத்த விளக்கைச் செய்தார். நம் பாட்டி பொறி வைக்கவில்லை, தூண்டுகுச்சியால் திரியைத் தள்ளிவிட்டாள். "திரி கருகுது, எண்ணெய் பாரு" என்று அவள் சொன்னது வாஷ்பர்ன் சமன்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு!

இதே பாட்டி மெழுகு நீக்காத பஞ்சைத் திரித்து விளக்கு ஏற்றினாள். எண்ணெய்க்கு மெழுகு உறவுக்காரன், தடை சொல்லாது. கிளிசரின் தண்ணீர்ச் சாதி; அதற்கு மெழுகு நீக்கிய பஞ்சு வேண்டும். ஒரே செடி, ஒரே இழை, வேலை மாறினால் திரியும் மாறுகிறது.

திரி காய்ந்தால் என்ன ஆகும்? கருகல் நாற்றம் மட்டுமல்ல. அளவுக்கு மீறிச் சூடான கிளிசரின் நீரை இழந்து அக்ரோலின் ஆகிறது. அடுப்பில் எண்ணெய் புகைந்தால் கண் எரியுமே, அந்த எரிச்சலில் இதற்கும் பங்கு உண்டு. ஃபார்மால்டிஹைடும் உருவாகும். 2015-இல் அதிக மின்னழுத்தத்தில் ஃபார்மால்டிஹைடு கூடுதலாக வருகிறது என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு வேறொரு ஆய்வு, ஆல்டிஹைடுகள் பெருமளவில் வருவது திரி காய்ந்த நிலையில்தான் என்று காட்டியது. சண்டை மொத்தமும் திரியின் ஈரத்தைப் பற்றித்தான்.

இப்போது வாழ்க்கைப் பாடம். 2014 வாக்கில் வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் எங்கள் பஞ்சைக் கேட்டார். மாதிரி அனுப்பினோம், நன்றாக ஏற்றுகிறது என்றார். பெரிய ஆர்டர். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றார்: "இந்தப் பஞ்சு சூடாக்கி மூச்சில் இழுக்கப் பாதுகாப்பானது." கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

எங்கள் பஞ்சு சுத்தமானதுதான். நுரை வருகிறதா, ஒளிர்கிறதா, ஈதரில் எவ்வளவு கரைகிறது, சாம்பல் எவ்வளவு என்று எல்லாச் சோதனையும் தேறியது. ஆனால் அந்தச் சோதனைகள் காயத்தின் மேல் வைக்கும் பஞ்சுக்கு எழுதப்பட்டவை. நுரையீரலுக்கு எழுதப்பட்டவை அல்ல. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஏம்ப்பா, நம்ம பஞ்சு சுத்தம்தானே?" என்றார். "சுத்தம்தான் முதலாளி. எதுக்குச் சுத்தம்னுதான் கேள்வி. நம்ம சோதிக்காததை எப்படி எழுதுறது?" என்றேன். அவர் ஆர்டர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, எழுத வேண்டாம்" என்றார். ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது. அந்தத் தீபாவளிக்குப் போனஸ் குறைந்தது. சக ஊழியர்கள் சிலர் என்னோடு சில நாள் பேசவில்லை. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "எந்தத் திரி நல்லது சார், அதையே வைத்துக்கொள்கிறோம்" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். நல்ல திரி கருகலைக் குறைக்கும். நிகோட்டினை வடிகட்டாது, அந்தப் பிடிப்பை விடுவிக்காது. திரவத்தில் எவன் எதைக் கலந்தான் என்றும் அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனை போனார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதுவும் தோலில் பூசினால் சாதுவான பொருள்தான்! பூசுவது வேறு, இழுப்பது வேறு. பிரிட்டனில் சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு மின் சிகரெட்டை ஒரு வழியாகச் சொல்கிறார்கள். புகைக்காத பிள்ளைக்கு அங்கேயும் யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நண்பனுக்காக வாங்கிக் கொடுத்து ரெண்டு காசு பார்க்கலாம்" என்று நினைப்பவர் இதை மனதில் வைக்கவும்.

உங்களில் பலர் நாளை ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், ஏதோ ஒரு தாளில் கையெழுத்திடப் போகிறீர்கள். மருந்தாக இருக்கலாம், சாயமாக இருக்கலாம், குழந்தை உணவாக இருக்கலாம். "நல்ல பொருள்" என்று எழுதும் முன் "எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை பேனாவை மூடியே வையுங்கள். இதைத்தான் இந்தக் கல்லூரி எனக்குக் கற்றுக் கொடுத்தது.