எடை ஒன்றுதான், அழுத்தம் வேறு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வேலை பார்க்கும் அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது பலருக்குப் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, மேலே குண்டு. அவ்வளவுதான். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டும். யாரும் முயன்று பார்த்துவிடாதீர்கள்! இதிலுள்ள பொறியியல் மட்டும் நமக்குப் போதும்.

கலிபோர்னியாவில் காண்டார் என்ற பெரிய கழுகினம் 1982ல் 22 பறவைகளாகக் குறைந்துபோனது. வேட்டை மிச்சத்தில் கிடக்கும் ஈயத்துகளைத் தின்று சாவது ஒரு முக்கியக் காரணம். 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. பலரும் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினார்கள்.

இங்கேதான் ஆபத்து. "எடை அதேதானே, மருந்தும் அதே அளவு போடலாமே" என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதே எடை, அதே குறுக்களவு என்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட முடியாது; எனவே குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். செம்பு கடினமும்கூட, குழலின் உள்வரிகள் அதில் பதிய அதிக விசை வேண்டும். அதற்காகவே பல குண்டுகளின் உடலில் வளையப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஒதுங்கும் உலோகம் அதில் போய்ச் சேரும்.

30-06 என்ற பழைய ரகத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் 30தான். இதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிறோம், சார்!

அனுபவசாலிகளின் வழக்கம் என்ன? அந்தக் குண்டுக்கென்றே சோதித்து அச்சிட்ட அட்டவணையை மட்டும் பார்ப்பார்கள். அதிலுள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, படிப்படியாகத்தான் ஏறுவார்கள். குண்டு, மருந்து, கூடு, பிரைமர், எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்து. மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. குண்டு வைக்குமுன் விளக்கடித்து ஒவ்வொரு கூட்டையும் பார்ப்பார்கள், இரட்டை மருந்து விழுந்திருக்கிறதா என்று. பிரைமர் தட்டையானாலோ, போல்ட் இறுகினாலோ நிறுத்திவிடுவார்கள். அந்த அறிகுறி வராததால் அழுத்தம் சரி என்றும் நம்பிவிட மாட்டார்கள். அது தாமதமாக வரக்கூடியது.

தம்பிகளா, தங்கைகளா, நாளை நீங்கள் பாய்லரோ வால்வோ எதுவோ வடிவமைப்பீர்கள். "அதே ஸைஸ், மெட்டீரியல் மட்டும் வேற" என்று ஒருவர் வந்து நிற்பார். அட்டவணை எந்தப் பொருளைச் சோதித்து எழுதியது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு ஆளின் கண்ணைக் காப்பாற்றும்.