உயர்தர வகுப்பில் உலக அரசியல்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷன் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பிற் சேர்ந்தபோது அரசியல் விஞ்ஞானத்தை ஒரு பாடமாகத் தெரிந்தெடுத்தோம். சர்வதேச அரசியல் அப்பாடத்தின் ஒரு பகுதி. இதனைக் கேள்வியுற்ற எம் வீட்டுப் பெரியவர் ஒருவர், "உலக அரசியல் சோறு போடுமோ?" என்றார். அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்று அதற்கு விடை கூற முயல்கின்றோம்.

தொடக்கத்தில் நாம் படித்த முறை வெட்கத்துக்குரியது. ஐக்கிய நாடுகள் சபை தோன்றிய ஆண்டு 1945, இரத்து அதிகாரம் உள்ள நாடுகள் 5 என்று நெட்டுருப் பண்ணினோம். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பவர்போல ஆளுக்கொரு பக்கம் நின்று ஆரவாரித்தோம். ஆசிரியர் எம்மைத் தடுக்கவில்லை. முடிவில், "இந்தப் போரினால் எங்கள் ஊர்ப் பாணின் விலை என்னாகும்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்விரு நாடுகளும் உலகச் சந்தைக்குப் பெருமளவு கோதுமை அனுப்புபவை என்பதையே நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஒரு மாதம் சென்றது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. புத்தகம் ஒரு கையிலும் வெற்றுக் கலன் மறு கையிலுமாக மண்ணெண்ணெய் வரிசையில் நின்றோம். ஏப்ரில் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எல்லாவற்றையும் உக்ரேன் போரின் தலையிற் சுமத்துவது எளிது. ஆனால் அது உண்மையன்று. நாடு முன்னரே கடனில் மூழ்கியிருந்தது. 2019இன் வரிக்குறைப்பும், 2020இல் பரவிய கொள்ளைநோயால் உல்லாசப் பிரயாணிகள் வராமையும், 2021இன் இரசாயன உரத் தடையும் அதனை மேலும் தளர்த்தியிருந்தன. தளர்ந்த வீட்டின்மீது எண்ணெய் விலையேற்றமும் வந்து விழுந்தது. உள்வீட்டுத் தவறு எது, வெளியுலகின் தாக்கம் எது என்று பிரித்தறிய முயன்றபோதுதான் எமக்குப் பாடம் விளங்கத் தொடங்கியது.

அவ்வரிசையில் எமக்கு முன்னே முதிய கமக்காரர் ஒருவர் நின்றார். "பிள்ளை, எழுபதுகளிலை பாணுக்கும் இப்பிடித்தான் நிண்டனாங்கள். ஆனா பிறநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராத அந்தக் காலத்திலைதான் நான் தோட்டக் காசிலை கல்வீடு கட்டினனான். எழுபத்தேழுக்குப் பிறகு அதுகள் வந்து இறங்க, எங்கடை விலை விழுந்திட்டுது" என்றார். ஒரே இறக்குமதிக் கட்டுப்பாடு ஒருவரைப் பட்டினி வரிசையில் நிறுத்தி, இன்னொருவருக்கு வீடும் கட்டிக் கொடுத்திருக்கிறது! எந்தக் கொள்கையாயினும் அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம் என்று கேட்க வேண்டுமென்பதை அவரிடமே கற்றோம்.

அவருடைய பேச்சு எம்மை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே 1952ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் பற்றிப் படித்தோம். அன்று கொழும்பில் இருந்தது கம்யூனிசத்தை எதிர்த்த அரசாங்கம். பீக்கிங்கில் இருந்ததோ கம்யூனிச அரசாங்கம். இரு நாடுகளுக்குமிடையே தூதரகங்கள்கூட இல்லை. அவ்வுறவு 1957இலேயே ஏற்பட்டது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சீனாவுக்கு இறப்பர் விற்பதை அமெரிக்கா விரும்பவில்லை. ஆயினும் இலங்கைக்கு அரிசி வேண்டியிருந்தது. சீனாவுக்கு இறப்பர் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து, 270,000 தொன் அரிசி பெற ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தனர். ஆரவாரித்துப் பக்கம் சேர்ந்திருந்தால் அந்த அரிசி வந்திராது.

ஆகவே வீட்டுப் பெரியவருக்கு எம் விடை இதுவே: உலக அரசியலைப் படிப்பதனால் மட்டும் உலையில் அரிசி விழாது. ஆனால் அரிசி எங்கிருந்து வருகிறது, எதனால் வராமற் போகிறது, யார் அதற்கு விலை கொடுக்கிறார் என்று கேட்கும் பழக்கம் உண்டாகும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கியது. அதன் நிபந்தனைகளின் பாரம் நம் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கியது. கேள்வி கேட்கத் தெரியாத வாலிபர், கைத்தொலைபேசியில் வரும் வதந்தியை நம்பி ஒருநாள் ஒருவரைத் தூற்றுவர். மறுநாள் அவரையே போற்றுவர்.

இச்சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை ஒரு மாலைப் பொழுதை உலகச் செய்திகளை ஆராய்வதற்கு ஒதுக்குங்கள். நாம் புத்தகங்களைக் கொண்டு வருகிறோம். பெரியோர்களாகிய நீங்கள் கூப்பன் காலத்தையும் தோட்டக் கணக்கையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தாலன்றி எம் படிப்பு நிறைவுறாது.