அளந்த புள்ளிகளும் அளக்காத நிலமும்



பேராக் மாநிலத்துச் சித்தியவானின் ஊர்ப் பெயருக்கு ஒரு செவிவழிக் கதை சொல்வார்கள். ஆற்றுச் சேற்றில் ஒரு யானை சிக்கிக்கொண்டதாம். அதன் துணை யானை அதை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்று உயிரை விட்டதாம். அந்த நட்பைக் குறிக்கும் மலாய்ச் சொற்களே ஊர்ப் பெயராயின என்பது கதை. கதையில் வரும் சேறு அந்த மண்ணுக்குப் பொருத்தமானதுதான். சித்தியவான் இருப்பது கடலோரச் சமவெளியில். கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயர்ந்த நிலம் அது.

இத்தகைய நிலத்தில் மேடும் பள்ளமும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீருக்கு நன்றாகத் தெரியும். பழைய தோட்டம் ஒன்றை வீட்டுமனைகளாக்கும்போது, மழைநீர் கால்வாய்க்குப் போகுமா, யார் வீட்டு வாசலிலாவது தேங்குமா என்பதை அரை முழ உயரம் தீர்மானித்துவிடுகிறது. அந்த அரை முழத்தை இன்று கணினித் திரையில்தான் முதலில் பார்க்கிறார்கள். கணினி நிலத்தின் மேற்பரப்பை எப்படி உருவாக்குகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இன்று பார்ப்போம்.

நில அளவையாளர் களத்திலிருந்து கொண்டுவருவது ஓர் எண் பட்டியல். ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி. அது கிழக்கே எவ்வளவு தூரம், வடக்கே எவ்வளவு தூரம், உயரம் என்ன, அந்த இடத்தில் இருப்பது கால்வாய்க் கரையா சாலை ஓரமா என்ற குறிப்பு, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஆயிரம் புள்ளிகள் அளந்தாலும் அவற்றுக்கு இடையே உள்ள நிலத்தை யாரும் அளக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கணினியின் வேலை.

முன்பு இதைக் கையால் செய்தார்கள். புள்ளிகளைத் தாளில் குறித்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் சம உயரக் கோடுகள் வரைந்தார்கள். நம் தோட்டத்து முன்னோர் அந்தக் கோடுகளை மண்ணிலேயே வெட்டியவர்கள். மலைச்சரிவில் ரப்பர்க் கன்று நட, ஒரே உயரத்தில் வளைந்து வளைந்து செல்லும் படிமேடைகளை மண்வெட்டியால் அமைத்தார்கள். நிலத்தை எண்களாக்கிக் கணினியிடம் கொடுக்கும் முறையை, 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மில்லர், லஃப்லாம் இருவரும் சாலை அமைப்புக்காக விளக்கினார்கள். 1970-களில் முக்கோண வலைமுறை வளர்ந்தது. இன்றைய வரைவு மென்பொருள்களில் பெரிதும் வழங்குவது அதுவே.

முக்கோணம் ஏன்? மூன்று புள்ளிகள் மீது ஒரு பலகையை வைத்தால் அது ஆடாமல் நிற்கும். நான்கு புள்ளிகள் என்றால் ஆடக்கூடும். எனவே கணினி மும்மூன்று புள்ளிகளாக இணைத்து, நிலம் முழுவதையும் சிறு சிறு பலகைகளால் மூடிவிடுகிறது. எந்த மூன்றை இணைப்பது என்பதற்கு, ரஷ்யக் கணித அறிஞர் போரிஸ் டெலோனே 1934-இல் தந்த விதி பயன்படுகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. இந்த விதியால் முக்கோணங்கள் ஈர்க்குச்சி போல் நீண்டுவிடாமல் கூடியவரை பருமனாக அமைகின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த விதி புள்ளிகளின் இருப்பிடத்தை மட்டுமே பார்க்கிறது; உயரத்தைப் பார்ப்பதில்லை.

இதன் விளைவை நேயர்கள் ஒரு தாளை வைத்தே அறியலாம். பக்கம் 20 மீட்டர் உள்ள சதுர நிலம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். வடமேற்கு மூலையும் தென்கிழக்கு மூலையும் 4 மீட்டர் உயரம். மற்ற இரண்டும் 3 மீட்டர். உயர்ந்த மூலைகளை இணைத்துத் தாளை மடித்தால் நடுவில் ஒரு வரப்பு நிற்கும். மையத்தின் உயரம் 4 மீட்டர். தாழ்ந்த மூலைகளை இணைத்து மடித்தால் நடுவில் ஓடை விழும். மையத்தின் உயரம் 3 மீட்டர். அளந்த எண்கள் அதே நான்குதான். சதுரத்தின் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருப்பதால், டெலோனே விதியும் இங்கே தீர்ப்புச் சொல்லாது.

இரண்டு மடிப்புகளுக்கும் உள்ள மண் வேறுபாடு சுமார் 133 கன மீட்டர். 10 கன மீட்டர் ஏற்றும் லாரிக்கு அது பதின்மூன்று நடைக்கு மேல். ஒரு சிறு சதுரத்திலேயே இவ்வளவு என்றால், பெரிய மனைத்திட்டத்தில் பணமும் தண்ணீரும் எங்கே போகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வரப்பா ஓடையா என்பது களத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அவர் அதைக் கணினிக்குச் சொல்லும் வழிதான் முறிவுக் கோடு. மென்பொருளில் 'பிரேக்லைன்' என்ற பெயரில் இருக்கும். கால்வாயின் இரு கரைகள், அதன் அடித்தளம், சாலை விளிம்பு, அணையின் தலை ஆகியவற்றின் வழியே புள்ளிகளை வரிசையாக அளந்து கோடாக இணைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டி எந்த முக்கோணமும் போகாது. கோடு இல்லாவிட்டால், ஒரு கரைப் புள்ளி எதிர்க்கரைப் புள்ளியோடு இணைந்து, திரையில் கால்வாய்க்குக் குறுக்கே இல்லாத அணை ஒன்று எழும்பிவிடும். கால்வாய்களால் வடிகால் பெறும் தாழ்நிலத்தில் இது சிறு பிழை அன்று.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, எல்லை. நிலம் வளைந்தோ மூலை உள்வாங்கியோ இருந்தால், அளக்காத வெளியையும் கணினி நீண்ட முக்கோணங்களால் மூடிவிடும். எல்லைக் கோடு கொடுத்து அவற்றை நீக்க வேண்டும். இரண்டாவது, தவறான புள்ளி. உயரம் பதியாமல் பூஜ்யமாக விடப்பட்ட ஒரு புள்ளி, மேட்டு நிலத்தில் ஆழ்கிணறு போல் தெரியும். மூன்றாவது, உயரத்தின் அடிப்படை. தீபகற்ப மலேசியாவின் உயரங்கள், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பதிவான கடல்மட்டத்தின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகின்றன. செயற்கைக்கோள் கருவி முதலில் தரும் உயரம் வேறு அடிப்படையைக் கொண்டது. திருத்தாமல் இரண்டையும் கலந்தால், தட்டையான நிலத்தில் கணக்கு முழுவதும் பாழாகும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், மேற்பரப்புக்கு ஒரு தேதி உண்டு. 1993 அக்டோபர் 21-ஆம் நாள், சித்தியவானுக்கு வடக்கே பந்தாய் ரெமிஸ் அருகே, கடலோரத்தில் கைவிடப்பட்டிருந்த ஈய லம்பத்தின் கரை சரிந்தது. கடல் உள்ளே புகுந்து, தரை இருந்த இடம் சிறு வளைகுடாவாயிற்று. முந்திய நாள் அங்கே யாராவது அளந்திருந்தால், அந்த எண்கள் மறுநாளே பழங்கதை ஆகியிருக்கும். மண் வெட்டிய பிறகும், கொட்டிய பிறகும் மீண்டும் அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இத்துறையில் நுழையும் இளைஞர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். அளந்த புள்ளிகளில் சிலவற்றைக் கணினியிடம் கொடுக்காமல் தனியே வைத்திருங்கள். மேற்பரப்பு உருவான பிறகு, அந்த இடங்களில் அது காட்டும் உயரத்தையும் நீங்கள் அளந்த உயரத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு சம உயரக் கோடுகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதும் தாள் சொல்வதும் மாறுபட்டால், தாளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிழையான மேற்பரப்பை வரைந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். வாசலில் தண்ணீரோடு இருக்கப்போவது அந்தக் குடும்பங்கள்.