வட்டியில்லா வணிகமும் நாடுகளின் வரிச் சட்டங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், வட்டியைத் தவிர்த்து வணிக முறையில் வீடு வாங்க விரும்புவோருக்கு வரிச் சட்டமே பெருந்தடையாக நிற்கின்றது.

முராபஹா என்பது, நிதி நிறுவனம் பொருளைத் தானே வாங்கி, அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறித் தவணைக்கு விற்பதாகும். எனவே இங்கு இரண்டு விற்பனைகள். இரண்டு பத்திரப் பதிவுகள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 50 இலட்ச ரூபாய் வீட்டிற்கு இது 4.5 இலட்சம். அதையே நிறுவனம் 70 இலட்சத்திற்கு விற்றால் மேலும் 6.3 இலட்சம். வட்டிக்குக் கடன் பெற்றவர் முதல் தொகையோடும் அடமானத்திற்கான சிறு கட்டணத்தோடும் முடித்துக் கொள்கிறார். வட்டியைத் தவிர்த்தவர் மீதோ 10.8 இலட்சம் சுமை!

மலேசியா 1983-லேயே இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றியது. அந்நாட்டு வருமான வரிச் சட்டம், ஷரீஅத் முறை இலாபத்தை வட்டிக்கு நிகராகவே கணக்கிடுகிறது. முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் பிரிட்டன், 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் இரண்டாவது விற்பனைக்குத் தீர்வை விலக்கு அளித்தது. சிங்கப்பூர் 2005-இல் இதே வழியில் சென்றது. பிரிட்டன் சட்டம் இதனை 'மாற்று நிதி ஏற்பாடு' என்றே குறிப்பிடுகிறது, எம்மதத்தவரும் பயன்பெறலாம். ஆகவே இது சலுகையன்று, சமநீதி.

நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கிகள் பொருள்களை வாங்கி விற்பதைத் தடுக்கின்றது. வட்டியில்லா வங்கிச் சேவையை 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. எனினும், 2017-இல் ரிசர்வ் வங்கி அம்முயற்சியைக் கைவிட்டது.

நாம் செய்ய வேண்டியது என்ன? ஒரு வீட்டிற்கு ஒரு முறை தீர்வை என்ற நியாயத்தை அரசிடம் முறையாக எடுத்துரைப்போம். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி இலாப நட்டப் பங்கு வணிகம் செய்வதற்கு இன்றும் தடையில்லை. அதனை எழுத்தில் பதிவு செய்வோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ?

ஒன்றை மறவாதீர்! தீர்வைக்கு அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது பொய்ச் சாட்சியமாகும். ஒரு ஹராமிலிருந்து தப்பிக்க இன்னொரு ஹராமில் விழலாகாது.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.