மதமும் ஜீவகாருண்யமும்

(வீரபாண்டியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



எந்த மதக்காரரைக் கேட்டாலும், "எங்கள் மதம்தான் மரஞ்செடிகளையும் வாயில்லா ஜீவன்களையும் காப்பாற்றச் சொல்லுகிறது" என்று சொல்லத் தவறுவதில்லை. அதற்குச் சுலோகமும் வசனமும் ஆதாரம் காட்டுவார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்லுகிறேன். நாளைக்கே வேறொரு கிரகத்திலிருந்து ஒருவன் இறங்கிவந்து, "எங்கள் உலகத்து மதம் புல்லைக்கூட மிதிக்கக் கூடாது என்கிறது, எல்லோரும் இதில் சேருங்கள்" என்றால் நாம் என்ன கேட்போம்? "உன் வேதத்தில் இருப்பது இருக்கட்டும் ஐயா! உன் ஊரில் காடு இருக்கிறதா? ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? மாடு அடிபடாமல் இருக்கிறதா?" என்றுதானே கேட்போம்? அவனைக் கேட்கும் அதே கேள்வியை நம் ஊர் மதக்காரரைப் பார்த்து ஏன் கேட்கக் கூடாது?

முதலில் யானையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்குக்கு முக்கு பிள்ளையார் வைத்துக் கும்பிடும் நாடு இது. கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, 2023-ஆம் வருஷம் மே மாதம் கம்பம் டவுனுக்குள் வந்தது. யாராவது தேங்காய் பழத்தோடு எதிரே போனார்களா? ஓடினார்கள்; கதவைச் சாத்தினார்கள். ஓடியது தப்பில்லை, அதுதான் புத்தி. ஜூன் மாதத்தில் காட்டிலாகாக்காரர்கள் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு - முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது பழகித் திரிந்த இடத்திலெல்லாம் வீடும் தோட்டமும் வந்துவிட்டால் அது எங்கே போகும்? கல் யானைக்குக் கொழுக்கட்டை. உயிருள்ள யானைக்குப் போக வழியில்லை! இதுதானா பக்தி?

அடுத்தது கழுகு. ஜடாயுவுக்குக் கண்ணீர் விடாத கதாகாலட்சேபம் உண்டா? ஆனால் 1990-களில் இந்தத் தேசத்துப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. ஏன் என்று எந்தச் சாமியாடியும் சொல்லவில்லை. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோபெனாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-இல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு சொன்னார்கள். 2006-இல் சர்க்கார் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை செய்தது. புராணம் அழ வைத்தது. அறிவுதான் காரணத்தைக் கண்டுபிடித்தது.

இனி கிடா வெட்டு. கோயிலில் பலி கூடாதென்று 1950-இல் சட்டம் செய்தார்கள். அரை நூற்றாண்டு தூங்கிய சட்டத்தை 2003-இல் தட்டி எழுப்பினார்கள். அடுத்த வருஷமே ரத்துச் செய்துவிட்டார்கள். சாமிக்கு ரத்தம் ஆகுமா ஆகாதா என்பதே பேச்சாக இருந்தது. ஆட்டைக் கேட்டவர் யார்? மிருகங்களுக்குக் கொடுமை செய்யக் கூடாதென்ற 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 28-வது பிரிவு, ஒரு சமூகத்தாரின் மதம் வேண்டுகிற முறைப்படி கொன்றால் அந்தச் சட்டப்படி குற்றமில்லை என்கிறது! மதத்தின் பேரைச் சொல்லிவிட்டால் ஆட்டுக்கு வலிக்காதா தோழர்களே?

நான் கறி தின்ன வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தின்கிறவர் தின்னட்டும். கறி தின்கிறவனைக் கீழானவன் என்பது ஜீவகாருண்யமல்ல, ஜாதித் திமிர். ஆனால் நாக்கு கேட்டதைச் சாமி கேட்டது என்று சொல்லாதீர்கள். அறுக்கிற ஆட்டையும் துடிக்கவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

"கோயில்காட்டு மரத்தைச் சாமிக்குப் பயந்துதானே வெட்டாமல் விட்டார்கள்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். மரம் நின்றது நல்லதுதான். ஆனால் பயத்தால் நின்ற மரம், பயம் தெளிந்த அன்றைக்கு விழும். சாமிக்கே மண்டபம் வேண்டுமென்றாலும் விழும். மரம் இருந்தால் மண் அரிக்காது, ஊற்று வற்றாது என்று தெரிந்துகொண்டவன் கையில்தான் மரம் பத்திரமாக இருக்கும்.

இதோ பக்கத்தில் ஓடுகிற முல்லையாற்றைப் பாருங்கள். பென்னிகுயிக் என்ற என்ஜினீயர் கட்டி 1895-இல் முடித்த அணையின் தண்ணீர் இதில் வருகிறது. சித்திரைத் திருவிழாவில் இந்த ஆற்றில் முங்கி, இந்தத் தண்ணீரையே எடுத்துக் கௌமாரியம்மன் கோயில் கம்பத்துக்கு ஊற்றுகிறோம். ஊற்றிவிட்டுத் துணியையும் சோப்பையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போனால், கீழே இருக்கிற ஊர்க்காரன் எதைக் குடிப்பான்? தீர்த்தம் என்று பேர் வைத்தால் அழுக்கு போய்விடுமா?

நம் அரசியல் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தப்படி, காடு, ஆறு, காட்டு ஜீவன்களைக் காத்து, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது பிரஜையின் கடமை என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கு அடுத்த வரியே, விஞ்ஞான மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்பது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் பொருத்தம். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

ஆகவே தோழர்களே! ஆற்றுக்குப் போகிறவர் கொண்டுபோன துணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளிடம், "மரத்தை வெட்டினால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாதீர்கள். "வெட்டினால் நமக்குத் தண்ணீர் இல்லை" என்று சொல்லுங்கள். "மாட்டை அடித்தால் பாவம்" என்று சொல்லாதீர்கள். "அடித்தால் உனக்கு வலிக்கிற மாதிரியே அதற்கும் வலிக்கும்" என்று சொல்லுங்கள். இதற்கு மேலுலகத்திலிருந்தோ வேற்றுலகத்திலிருந்தோ ஒரு மதம் வரவேண்டியதில்லை. நம் அறிவு போதும்.