நிற்கத் தெரிந்த வண்டி



ஓடத் தெரிந்த வண்டியைக் காட்டிலும் நிற்கத் தெரிந்த வண்டியே நல்ல வண்டி. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு பாலத்தின் இறக்கம்.

எங்கள் இல்லம் நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகே உள்ளது. தந்தையார் விட்டுச்சென்ற பழைய அம்பாசடர் வண்டியை நான் பேணி வருகிறேன். ஒருநாள் மாலை பாலத்தினின்றும் இறங்குகையில், பள்ளி விட்டுச் செல்லும் சிறுவர்கள் எதிரே தென்பட்டனர். பிரேக்கை அழுத்தினேன். மிதி அடிப்பலகை வரை சென்றது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஓரத்து மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் என் கைந்நடுக்கம் நெடுநேரம் ஓயவில்லை.

வண்டிக்கு அடியிலே குனிந்து பார்த்தேன். பின்சக்கரங்களுக்குச் செல்லும் எஃகுக் குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. முந்திய ஆண்டே அத்துருவைக் கண்டவன் நான். மேலே கறுப்பு வர்ணம் பூசிவிட்டு மறந்துபோனேன்.

ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களும் ஏன் கைவிடவேண்டும்? மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையிலும் குறையாது பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியைக் கொண்டே நம் காலின் விசை சக்கரங்களைச் சென்று பற்றுகிறது. அமெரிக்காவில் 1921-இல் வந்த டூசன்பர்க் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் இவ்வேற்பாடு அமைந்தது. பழைய வண்டிகளில் திரவம் செல்லும் சுற்று ஒன்றே. எங்கேனும் துளை விழுந்தால் அழுத்தம் முழுதும் அவ்வழியே போய்விடும். இவ்விபத்தை எண்ணியே பிற்கால வண்டிகளில் சுற்றுகளை இரண்டாகப் பிரித்தனர்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். கடலுப்பு அதனை விரைவுபடுத்தும். குழாயைப் பிடித்திருக்கும் கவ்விகளின் இடுக்கில் சேறு தங்குவதால் அங்கேதான் அரிப்பு மிகும். பிரேக்குத் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே அதனையும் காலந்தோறும் மாற்றவேண்டும்.

குழாயை நானே மாற்ற முற்பட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். எனவே உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தினேன். செம்புடன் பத்து விழுக்காடு நிக்கல் கலந்த குழாயை வாங்கினேன். அது எளிதில் வளையும், துருவேறாது. தனிச் செம்பு அதிர்வினால் இறுகி விரிசல் காணுமாதலால் இப்பணிக்கு ஆகாது.

குழாயின் முனையை விரித்து இரட்டையாக மடிப்பதே இவ்வேலையின் உயிர்நிலை. முதல் முனையை அழகாக மடித்தபின், நட்டைக் கோக்க மறந்தது நினைவுக்கு வந்தது! வெட்டி எறிந்தேன். அடுத்தது கோணலாயிற்று, அதுவும் போயிற்று. மூன்றாவதே தேறியது.

பிறகு காற்றை வெளியேற்றவேண்டும். திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் நம் விசை அதனைச் சுருக்குவதிலேயே வீணாகும். தம்பி மிதியை அழுத்திப் பிடிக்க, தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்றை நீக்கினேன். மிதி கல்போல் இறுகிற்று. பலமாக அழுத்தச் சொல்லி, இணைப்புகளில் கசிவில்லை என்பதையும் கண்டேன்.

சாலையில் ஓட்டுமுன், அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் இணைப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேலை சரிதான், ஐயா. மற்றக் குழாய்களுக்கும் இதே வயதுதானே?" என்றார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. உடைந்ததை மாற்றிய பெருமிதத்தில், உடையக் காத்திருந்தவற்றை மறந்திருந்தேன். எல்லாக் குழாய்களையும் மாற்றிய பின்னரே வண்டியை வெளியே எடுத்தேன்.

மாணவர்களே, கைத்தொழில் பழகுங்கள். செய்த வேலையை அறிந்தவரிடம் காட்டக் கூசாதீர்கள். துருவைக் கண்டால் வர்ணம் பூசாதீர்கள். அப்பாலத்தில் இன்றும் பிள்ளைகள் நடந்துசெல்கிறார்கள்.